உயர்நிலைப் பள்ளிகளில் போதைத் தடுப்புப் போதனை: பயனை அளந்தறியும் முறை

கிராமத்தில் ஒரு கிணறு வெட்டினால் ஊற்றுக் கண்டதா இல்லையா என்பதை எவரும் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பாலம் கட்டினால் அதன்மேல் வண்டி போகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதைப் பொருள்களின் தீமையை எடுத்துரைக்கும் போதனை பலித்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கில்லை. அதனாலேதான் எத்தனை ஊர்வலம் நடந்தது, எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தனர், எத்தனை துண்டுப் பிரசுரம் வழங்கப்பட்டது என்னும் கணக்கையே பயன் என்று எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. விதை இத்தனை மூட்டை விநியோகித்தோம் என்பது மகசூல் கணக்கு ஆகாது என்பதை விவசாயிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மத்திய அரசு நாட்டின் 272 மாவட்டங்களில் போதையில்லா பாரத இயக்கத்தைத் தொடங்கிற்று. 2022 ஆகஸ்டில் நமது மாநில அரசு போதைப் பொருள்கள் இல்லாத தமிழ்நாடு என்னும் முழக்கத்துடன் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உறுதிமொழி ஏற்கச் செய்தது. நோக்கம் மிக உயர்ந்தது. ஆயினும் அந்நோக்கம் நிறைவேற வேண்டுமானால், எவ்வகைப் போதனை பிள்ளையின் கையைத் தடுக்கிறது, எவ்வகைப் போதனை காதோடு போய்விடுகிறது என்று தெரிந்துகொள்ளுதல் அவசியம். இதனை உலகில் பலர் ஆராய்ந்திருக்கின்றனர். நமது சென்னையிலேயே ஆராய்ந்திருக்கின்றனர். அம்முடிவுகளைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றோர்களும் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வட்டாரத்தின் நிலை

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையருகே குன்றுகளுக்கு நடுவே அமைந்துள்ள நார்த்தாமலையை அறியாதார் இம்மாவட்டத்தில் இரார். விசயாலய சோழீச்சுரமும் பங்குனியில் நடைபெறும் முத்துமாரியம்மன் திருவிழாவும் ஊருக்குப் பெருமை தருவன. பழங்காலத்தில் நகரத்தார் என்னும் வணிகர் சபை இருந்து, கொடுத்ததையும் வாங்கியதையும் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. இன்று சுற்றுப்புறக் கிராமங்களில் மானாவாரிக் கடலையும் உளுந்தும் பயிரிடுவோர் ஒரு பக்கம். கல் உடைத்துப் பிழைப்போர் ஒரு பக்கம். பொழுது விடியுமுன் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விடும் வீடுகள் பல. வெயிலில் சம்மட்டி பிடிப்போர் பசியும் அலுப்பும் தெரியாதிருக்க வாயில் புகையிலையை அடக்கிக்கொள்வது பழைய பழக்கம். அப்பாவின் மடியிலுள்ள பொட்டலத்தைக் கடையில் வாங்கி வருபவன் மகன்.

போதை என்றவுடன் கஞ்சாவையும் ஊசியையும் மட்டும் எண்ணி, அது நகரத்து நோய் என்று ஆறுதல் அடைவோர் உண்டு. பிள்ளைகள் நுழையும் வாசல் அதுவன்று. முதல் வாசல் புகையிலை. அதிலும் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் சிறு பைகள். குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் நம் மாநிலத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடை செய்யப்பட்டுள்ளன. இருந்தும், கூல் லிப் என்னும் பொருளைப் பள்ளி மாணவர்கள் பயன்படுத்துவது குறித்து 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்து, நாடு முழுவதும் ஏன் தடை செய்யலாகாது என்று கேட்கும்படி ஆயிற்று. மற்றொரு வாசலைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, பசை முதலியவற்றை முகர்ந்து மயங்கும் பழக்கம் 10 முதல் 17 வயதுடையோரிடம் 1.17 சதவிகிதம், பெரியவர்களிடம் 0.58 சதவிகிதமே. பெரியோரைவிடச் சிறியோரிடம் மிகுதியாகக் காணப்பட்ட போதை இது ஒன்றுதான். சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பசை எந்தச் சட்டத்தாலும் தடை செய்யப்பட்ட பொருளல்ல என்பதை நினைவிற் கொள்க.

பாத்தியும் பள்ளியும்

ஒரு போதனையின் பயனை எவ்வாறு அறிவது? வம்பனிலுள்ள பயறு ஆராய்ச்சி நிலையத்தார் புதிய உளுந்து ரகம் ஒன்றை வெளியிடுமுன் என்ன செய்கின்றனர் என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். புது ரகத்தை ஒரு பாத்தியிலும் பழைய ரகத்தை அடுத்த பாத்தியிலும் விதைப்பர். மண் ஒன்று, மழை ஒன்று, உரம் ஒன்று. விளைச்சலில் தெரியும் வேற்றுமை ரகத்தினால் வந்தது எனக் கொள்வர். புது ரகத்தை மட்டும் விதைத்து, சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு கூடுதலாக விளைந்தது என்று சொன்னால் எந்த விவசாயியும் ஒப்பான். இவ்வாண்டு மழை நன்றாகப் பெய்ததே என்பான்.

பள்ளியிலும் அவ்வாறே. போதனை நடந்த பிறகு பழக்கம் குறைந்திருந்தால், அது போதனையால் குறைந்ததோ, அவ்வாண்டு போலீசார் கடைகளைச் சோதனையிட்டதால் குறைந்ததோ? கூடியிருந்தால் போதனை தோற்றது என்றும் சொல்லிவிட முடியாது. 12 வயதுப் பிள்ளை 14 வயது ஆகும்போது பழகிப் பார்ப்போர் தொகை இயல்பாகவே கூடும். போதனை இல்லாவிடில் இன்னும் கூடியிருக்கலாம் அல்லவா? ஆகவே போதனை நடந்த பள்ளிகளோடு நடவாத பள்ளிகளையும் ஒரே காலத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். எந்தப் பள்ளியில் நடத்துவது என்பதை ஆராய்ச்சி செய்வோர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாகாது. நல்ல தலைமையாசிரியர் உள்ள பள்ளியைத் தேர்ந்துகொண்டு, பலன் கண்டது என்று சொல்வது எளிது. உத்திரமேரூரில் குடவோலை போட்டது போலச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்க வேண்டும். ஆராய்ச்சியாளர் இதனை மிகப் பெரிய விதியாகக் கொள்கின்றனர். நம் முன்னோர் ஆள் பார்த்துத் தேர்வு செய்வதை நம்பாமல் குடத்தை நம்பியதும் இக்காரணத்தால்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் கண்டது

இவ்விதியின்படி அளந்தபோது வெளிப்பட்ட உண்மைகள் பலருக்கு உவப்பாக இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1983இல் டேர் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி வகுப்புக்கு வந்து வாரந்தோறும் பாடம் நடத்துவார். பெற்றோருக்கு மகிழ்ச்சி, ஆசிரியருக்கு மகிழ்ச்சி, போலீசாருக்கும் மகிழ்ச்சி. நாடெங்கும் அது பரவிற்று. பிற்பாடு இல்லினாய் மாநிலத்தில் 36 பள்ளிகளின் மாணவர்களை 6 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1998இல் முடிவை வெளியிட்டனர். பாடம் கேட்டோருக்கும் கேளாதோருக்கும் இடையே போதைப் பழக்கத்தில் நிலைத்த வேற்றுமை ஒன்றும் இல்லை. கென்டக்கி மாநிலத்தில் 6ஆம் வகுப்பில் அப்பாடத்தைக் கேட்டோரை 10 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து விசாரித்து 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் முடிவும் இதுவே. 2001இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அத்திட்டத்தைப் பயன் தராதவற்றின் வரிசையில் வைத்தது. பின்னர் அத்திட்டத்தார் பழைய பாடத்தைக் கைவிட்டு வேறு பாடத்தை ஏற்றனர்.

பயன் இல்லாமற் போவதோடு நின்றாலாவது பரவாயில்லை. ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் மூன்று வகைப் போதனைகளை ஒப்பிட்டு 1975இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒன்று அச்சுறுத்தும் போதனை. ஒன்று செய்திகளை மட்டும் விளக்கும் போதனை. மூன்றாவது, அவ்வயதுப் பிள்ளைகளின் சொந்தத் தொல்லைகளைப் பற்றி ஆசிரியரோடு அமர்ந்து உரையாடுவது. முதல் இரண்டையும் கேட்ட வகுப்புகளில் போதைப் பொருளைப் பழகிப் பார்த்தோர் கூடினர்; மூன்றாவதில் குறைந்தனர். அச்சுறுத்தியவர் எண்ணியது ஒன்று, பிள்ளைகள் கேட்டது வேறொன்று. இதுவரை பெயரே அறியாத பொருளின் பெயரையும் நிறத்தையும் அதன் மயக்கத்தையும் மேடையில் வருணித்தால், கேட்கும் பிள்ளைகளில் ஓரிருவருக்கு ஆவல் தோன்றாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

இன்னுமோர் எச்சரிக்கை பிரேசில் நாட்டிலிருந்து வருகிறது. ஐரோப்பாவில் 7 நாடுகளில் நடத்தி நற்பயன் கண்ட ஒரு பாடத்திட்டத்தை அந்நாட்டார் மொழிபெயர்த்து, 72 பள்ளிகளைக் கொண்டு சோதித்தனர். 2017இல் வெளியான முடிவில், பாடம் நடந்த பள்ளிகளில் மதுவை முதன்முதலாகச் சுவைத்த பிள்ளைகள் மற்றப் பள்ளிகளைவிட மிகுந்திருந்தனர். ஓரிடத்தில் விளைந்த விதை மற்றோரிடத்தில் விளையும் என்று சோதியாமல் நம்புவதற்கில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் எல்லாம் வீண் என்று கையை விரிக்க வேண்டியதில்லை. உலகெங்கும் நடந்த 51 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் குழுவினர் வெளியிட்ட முடிவு யாதெனின்: செய்தி மட்டும் சொல்லும் போதனை அறிவைப் பெருக்கும், நடத்தையை மாற்றாது; மறுத்துச் சொல்லும் திறனையும், தோழர்களின் வற்புறுத்தலைச் சமாளிக்கும் பழக்கத்தையும் பயிற்றும் போதனை சிறிதளவாயினும் தொடர்ந்து பயன் தரும். சிறிதளவு என்னும் சொல்லை நான் மறைக்க விரும்பவில்லை. ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் அலுவலகமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே கூறுகின்றன. வெறும் சொற்பொழிவு, அச்சமூட்டல், முன்பு போதைக்கு அடிமையாய் இருந்தவரை மேடையேற்றிப் பேசச் செய்தல், போலீசாரைக் கொண்டு பாடம் நடத்துதல் ஆகியவை அந்நெறிகளில் பயனற்றவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. நம் ஊர்களில் விழா என்றால் இந்நான்கும்தான் நிகழ்ச்சி நிரல்.

சென்னையில் நடந்த சோதனை

2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் மைத்ரி என்னும் பெயரால் நடந்த ஆராய்ச்சி நமக்கு மிக நெருங்கியது. ஒவ்வொரு நகரிலும் 16 பள்ளிகள், ஆக 32. அரசினர் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் இருந்தன. தொடக்கத்தில் 6ஆம், 8ஆம் வகுப்புகளில் படித்த ஏறத்தாழ 14,000 பிள்ளைகள் இதில் அடங்குவர். சீட்டுக் குலுக்கியது போலப் பள்ளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் இரண்டாண்டுகள் புகையிலைத் தடுப்புப் போதனை நடத்தினர்.

போதனை நடந்த விதம் கவனிக்கத் தக்கது. சொற்பொழிவு இல்லை. வகுப்பிலேயே மாணவத் தலைவர்களைத் தேர்ந்து, அவர்களுக்குப் பயிற்சி தந்து, சிறு சிறு குழுக்களாக விளையாட்டும் விவாதமும் நடத்தச் செய்தனர். ஆசிரியர் பக்கத்தில் நின்றார். ஒரு தோழன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று நடித்துப் பழகினர். நம் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பழகியிருக்கின்றனர் என்னும் எண்ணம் பொய் என்பதைத் தாமே கண்டறிந்தனர். பள்ளிச் சுவர்களில் சித்திரங்கள் ஒட்டினர். பெற்றோருக்கு அஞ்சல் அட்டைகள் அனுப்பினர். பிள்ளைகளே தம் சுற்றுப்புறத்தில் பிரசாரம் செய்தனர்.

முடிவு 2009இல் வெளியாயிற்று. போதனை நடவாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் இரண்டாண்டில் 68 சதவிகிதம் உயர்ந்தது. போதனை நடந்த பள்ளிகளில் 17 சதவிகிதம் தாழ்ந்தது. இதனை 100 பிள்ளைகளுக்கு 68 பிள்ளைகள் பழகினர் என்று தவறாகப் பொருள் கொள்ளலாகாது. 100 பேர் பழகியிருந்த இடத்தில் 168 பேர் ஆனது போன்ற உயர்வு என்றும், மறுபுறம் 100 பேர் பழகியிருந்த இடத்தில் 83 பேர் ஆனது போன்ற தாழ்வு என்றும் கொள்ள வேண்டும். போதனை இல்லாத பள்ளிகளின் கணக்கு நம் கையில் இல்லாதிருந்தால், 17 சதவிகிதத் தாழ்வை மட்டும் கண்டு இது ஒரு பெரிய காரியமா என்று கேட்டிருப்போம்.

இவ்வாராய்ச்சிக்கு எல்லைகளும் உண்டு. அது நகரத்துப் பிள்ளைகளை ஆராய்ந்தது. புகையிலையை மட்டும் ஆராய்ந்தது. பிள்ளைகள் தாமே எழுதித் தந்ததை நம்பியது. கல்லுடைக்கும் தொழிலாளியின் மகனுக்கும் அது பலிக்குமா என்பது இங்கே சோதித்தால் அன்றித் தெரியாது. மதுவுக்கும் பசை முகர்தலுக்கும் அதே பாடம் பொருந்துமா என்பதும் அவ்வாறே.

போதிப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீகார் மாநிலத்தில் 72 பள்ளிகளில் ஆசிரியர்கள் தாமே புகையிலையை விட்டொழிக்க உதவும் திட்டம் ஒன்றைச் சோதித்து 2013இல் முடிவு வெளியிட்டனர். திட்டம் முடிந்து 9 மாதங்களுக்குப் பின், 6 மாதம் தொடர்ந்து விட்டிருந்த ஆசிரியர்கள் திட்டம் நடந்த பள்ளிகளில் 19 சதவிகிதம். நடவாத பள்ளிகளில் 7 சதவிகிதம். வெற்றிலைச் சாறு வடியும் வாயோடு வகுப்பில் நிற்கும் உபாத்தியாயரிடம் இப்பாடத்தை ஒப்படைப்பதைவிட ஒப்படைக்காமலிருப்பது நலம் என்பது என் துணிபு. பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். கூட்டத்துக்கு வரும்போது மடியைக் காலி செய்துகொண்டு வரலாம்.

நம் பள்ளிகளில் செய்யத் தக்கது

இத்தகைய சோதனையை ஒரு வட்டார அளவில் நடத்தப் பெரும் பணம் வேண்டியதில்லை. பொறுமை வேண்டும். வட்டாரத்திலுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி, தலைமையாசிரியர்கள் முன்னிலையில் குலுக்கி, பாதிப் பள்ளிகளில் இவ்வாண்டும் மறு பாதியில் இரண்டாண்டு கழித்தும் போதனையைத் தொடங்கலாம். யாருக்கும் மறுக்கப்படவில்லை, முன்னும் பின்னுமாக வருகிறது, அவ்வளவே. கல்வித் துறையின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் முதலில் பெற வேண்டும். கேள்வித்தாளைத் தயாரிக்கவும் கணக்கிடவும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தாரின் உதவியை நாடலாம்.

கேள்வித்தாளில் பெயரோ வரிசை எண்ணோ இருத்தல் கூடாது. பிள்ளை எழுதும்போது வகுப்பாசிரியர் அறையில் இருத்தல் கூடாது. எழுதிய தாளை மடித்து, தேர்தல் பெட்டி போன்ற பூட்டிய பெட்டியில் தானே போட வேண்டும். கேள்வி சிலவே போதும்: எப்போதாவது பழகியதுண்டா, சென்ற 30 நாட்களில் பழகியதுண்டா, யாரிடமிருந்து கிடைத்தது, உன் வகுப்பில் எத்தனை பேர் பழகுவதாக நினைக்கிறாய். பொருள்களைக் கேட்கும்போது வீட்டில் சொல்லும் பெயரால் கேட்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் அறியாத பொருள்களின் பட்டியலைக் கொடுத்து நாமே அறிமுகம் செய்துவைக்கலாகாது. அதே கேள்விகளைத் தொடக்கத்திலும், ஓராண்டு முடிவிலும், இரண்டாண்டு முடிவிலும் மாற்றாமல் கேட்க வேண்டும். உறுதிமொழி எடுத்த அன்றே கேட்டால் கிடைக்கும் விடை அன்றைக்கு மட்டுமே செல்லும்.

எளிதில் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. இரண்டாண்டு முடிவில் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் எண்ணினால், நடுவில் நின்றுவிட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். போதைக்கு ஆட்பட்ட பிள்ளை பள்ளியை விட்டு முதலில் நிற்பவனாக இருக்கக் கூடும். அவன் போனதனால் பள்ளியின் சதவிகிதம் தாழ்ந்ததை வெற்றி என்று எழுதிக்கொள்வது கொடுமை. ஆகவே இரு வகைப் பள்ளிகளிலும் இடைநின்றோர் எத்தனை பேர் என்பதையும், அன்று வராதோர் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

கண்டறிந்ததைத் தண்டனைக்குப் பயன்படுத்தலாகாது. ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள் என்ற செய்தி பரவினால், மறு முறை ஒரு தாளிலும் உண்மை இராது. உதவி வேண்டும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் எல்லா வகுப்பறைச் சுவர்களிலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

போதனையை மட்டும் நம்பிக் கடையை மறப்பதும் தவறு. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு 18 வயது நிரம்பாதோருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையத்துக்கு 100 கஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, மருத்துவரின் உத்தரவின்றிக் குழந்தைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அப்பாவுக்கு வாங்கிவரச் சொன்னார் என்று பிள்ளை சொன்னாலும் கடைக்காரர் கொடுக்கலாகாது, அப்பாவும் அனுப்பலாகாது. பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்தை அளந்து வெள்ளைக் கோடு இட ஒரு பஞ்சாயத்துக்கு அரை நாள் போதும். பங்குனித் திருவிழாவுக்கு வரும் தற்காலிகக் கடைகளுக்கும் இவ்விதிகளை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடலாம். கடைகளில் இவ்வாறு கண்டிப்புக் காட்டும்போது போதனை நடக்கும் பள்ளிகள், நடவாத பள்ளிகள் இரண்டின் அருகிலும் ஒன்றுபோலக் காட்ட வேண்டும். இல்லையெனில் முன்னே சொன்ன பாத்திக் கணக்குக் கெட்டுவிடும்.

கிராம சபையில் இதனைப் பேச விரும்பும் அன்பர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்ற பெற்றோரை, முக்கியமாகத் தாய்மாரை, முதலில் கலந்துகொள்வது நல்லது. இம்மாவட்டத்துப் பெண்கள் 1991-92இல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்றவர்கள். கல் குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்களும் அவர்களுள் உண்டு. கணக்குக் கேட்கும் பழக்கம் அவர்களுக்குப் புதிதன்று. முதல் கேள்வித்தாளைப் பள்ளி திறந்து சேர்க்கை முடிந்த ஆடி மாதத்தில் வைத்துக்கொள்வது வசதி. திருவிழா நாட்களையும் பரீட்சை நாட்களையும் தவிர்க்க வேண்டும். பெட்டிகளைத் திறந்து எண்ணிய பிறகு தாள்களை உறையிலிட்டு, முத்திரை வைத்து, இரண்டாண்டு முடியும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முதல் ஆண்டின் எண்ணிக்கையைக் கண்டு அவசரப்பட்டு விளம்பரம் செய்ய வேண்டாம்.